கேட்டுக்கொண்டிருந்தவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதில் மூன்றரைப் பக்கத்துக்கு மாடித் தோட்டமும் பேரனின் பள்ளிக்கூடமும்தான். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்பதைக் கடைசி நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டாய். சொரியாசிஸ் நெற்றிக்கும் கன்னத்துக்கும் வந்துவிட்டது, பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இலையை நகர்த்திக்கொள்கிறார்கள், அதனால் இனிமேல் விசேஷங்களுக்குப் போவதில்லை என்று முடிவு. அந்த நாலு வரியைத்தான் நான் பலமுறை படித்தேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் மனைவிக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து போடும் வேலை எனக்கு. எனக்கு இடது காது முன்பைவிட மந்தம். மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், இன்னும் மனசு வரவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து போட்டபிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். அந்த நேரத்தில் நான் மகள் வாங்கிக் கொடுத்த டிவிடியைப் போட்டுப் பார்க்கிறேன். என்ன தெரியுமா? நம் ‘யெஸ் மினிஸ்டர்’தான், ஒரு பிரிட்டிஷ் மந்திரியையும் அவருடைய அதிகாரிகளையும் வைத்து பிபிசி எடுத்த நகைச்சுவைத் தொடர். ‘யெஸ் பிரைம் மினிஸ்டர்’ உட்பட மொத்தம் 38 பகுதி. நாம் மேன்ஷன் அறையில் இருந்தபோது கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோமே, பாதி ஆங்கிலம் புரியாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினோமே, அதே தொடர். அப்போது நமக்கு மந்திரியின் தலைமை அதிகாரி சர் ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்ன்தான் பெரிய ஆள். ஒரே மூச்சில் பத்து வரி பேசுவார், நீ எழுந்து நின்று கைதட்டுவாய். மந்திரி ஜிம் ஹாக்கராக வந்த பால் எடிங்டனை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இந்த முறை என் கண் முழுக்க அவர்மேல்தான் இருந்தது. ஒருவேளை வயதாகிவிட்டதால் இருக்கலாம், அல்லது காது மந்தமானதால் முகங்களையே பார்க்கும் பழக்கம் வந்திருக்கலாம்.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். மந்திரி எடுக்கும் முடிவு பிடிக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஹம்ஃப்ரி தன் இளைய அதிகாரி பெர்னார்டுக்குச் சொல்லிக்கொடுப்பார். ‘சர்ச்சைக்குரிய முடிவு’ என்றால் ஓட்டுப் போகும் என்று அர்த்தம். ‘துணிச்சலான முடிவு’ என்றால் தேர்தலே போய்விடும் என்று அர்த்தம். அதன்பிறகு ‘துணிச்சல்’ என்ற சொல் வரும்போதெல்லாம் எடிங்டன் முகத்தைப் பார். முதலில் ஒன்றும் மாறாது. சிரித்த வாய் சிரித்தபடியே இருக்கும். கண் மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே கரைந்துபோகும். ஒரு சொல் காதில் விழுந்து, மண்டைக்குள் போய், பயமாக மாறி, முகத்துக்குத் திரும்பி வரும் வழி முழுவதையும் நீ பார்க்கலாம். சிரிப்பு அந்த முகத்தில்தான் பிறக்கிறது. ஹம்ஃப்ரியின் நீண்ட வாக்கியத்துக்கும் அப்படித்தான். அது முடிந்ததும் கேமரா மந்திரிக்கு வரும். அவர் புரிந்துகொள்ள முயன்று, தோற்று, தோற்றதை வெளியே காட்டாமல் இருக்க முயல்வார். அரங்கம் அப்போதுதான் வெடிக்கும்.

அந்தச் சிரிப்பு ஒட்டவைத்தது இல்லை என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். பார்வையாளர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நடித்துத்தான் பதிவு செய்தார்கள். ஜனங்கள் சிரித்து அடங்கும்வரை அந்த முகத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், பிந்தினால் சூடு ஆறிவிடும். மேடையில் வருஷக்கணக்காக நின்றவருக்குத்தான் அது கைவரும்.

அவர் அப்படி நின்றவர். 1927-ல் லண்டனில் பிறந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முறைப்படி வளர்ந்தவர். குவேக்கர்கள் ஆயுதம் எடுக்கமாட்டார்கள் இல்லையா, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவரும் மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தார். பதினேழு வயதில் போர்வீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தும் ‘என்சா’ அமைப்பில்தான் நடிப்பைத் தொடங்கினார். அப்புறம் பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு என்று ஊர் ஊராக ரெபர்டரி கம்பெனிகள். ரெபர்டரி என்றால் உனக்குப் புரியும், நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் உழைப்பு மாதிரிதான். ராத்திரி ஒரு நாடகம் ஆடிக்கொண்டிருக்கும்போதே பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. இன்றைக்கு நீதிபதி, அடுத்த வாரம் வேலைக்காரன். 1950-களில் ராபின் ஹூட் தொலைக்காட்சித் தொடரில் சின்னச் சின்ன வேடங்கள் செய்தார், பிற்பாடு ராபினின் தோழர்களில் ஒருவரான வில் ஸ்கார்லட்டாக வந்தார். வேலை இருந்தது, பெயர் இல்லை. நாலு பிள்ளைகள். 1952-ல் கல்யாணம் செய்துகொண்ட பட்ரிஷியா ஸ்காட்டும் நடிகைதான்.

பெயர் வந்தது 1975-ல், ‘தி குட் லைஃப்’ என்ற பிபிசி தொடரில். அப்போது அவருக்கு நாற்பத்தேழு முடிந்திருந்தது. கதை உனக்கு நினைவிருக்கிறதா? டாம் என்று ஒருவன் நாற்பதாவது பிறந்தநாளில் கம்பெனி வேலை வேண்டாம் என்று உதறிவிட்டு, வீட்டுப் புல்தரையை உழுது உருளைக்கிழங்கு போட்டு, பன்றி வளர்த்துப் பிழைக்கப் பார்ப்பான். ரிச்சர்ட் பிரையர்ஸ்தான் டாம், அவரை நம்பி எடுத்த தொடர் அது. அவன் மனைவியாக வந்த ஃபெலிசிட்டி கெண்டல் இந்தியாவில் வளர்ந்தவர். அவர் அப்பா ஜெஃப்ரி கெண்டல்தான் ‘ஷேக்ஸ்பியரானா’ குழுவை நடத்தி, நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஷேக்ஸ்பியர் போட்டவர். பக்கத்து வீட்டு ஜெர்ரி, அதே கம்பெனியில் வேலையை விடாமல் இருப்பவன். அதுதான் எடிங்டன். அவன் மனைவி மார்கோவாக பெனலோபி கீத் அதட்டிக்கொண்டே இருப்பார், ஜெர்ரி கையில் கிளாஸோடு கேட்டுக்கொண்டே இருப்பான். பக்கத்து வீட்டு வேடமாக ஆரம்பித்தது, கடைசியில் நாலு பேரும் சமமான தொடராகிவிட்டது. 1978-ல் கடைசிப் பகுதியைப் பதிவு செய்தபோது எலிசபெத் ராணியே வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்.

எனக்கு அந்த ஜெர்ரியை ரொம்பப் பிடிக்கும். வேலையை உதறுகிறவனைப் பற்றி எல்லோரும் கதை எழுதுகிறார்கள். உதறாதவன், உதறியவன் வேலிக்கு அந்தப்பக்கம் சேற்றில் நிற்பதைப் பார்க்கும் பார்வையில் இருக்கிற ஆசையையும் கவலையையும் எடிங்டன் ஒரே முகத்தில் காட்டிவிடுவார். நானும் நீயும் ஜெர்ரிகள்தானே.

‘யெஸ் மினிஸ்டர்’ 1980 பிப்ரவரியில் வந்தது. முதல் பகுதியை முன்பே எடுத்துவிட்டார்கள். 1979-ல் பொதுத்தேர்தல் வந்ததால், அது தேர்தலைப் பாதித்துவிடுமோ என்று பிபிசி நிறுத்தி வைத்தது. எழுதிய ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் ஹாக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அதனால்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் அதை ரசித்தார்கள். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சருக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி அது. 1984-ல் ஒரு பரிசளிப்பு விழாவில் அவரே எடிங்டனோடும் ஹாதார்னோடும் சேர்ந்து ஒரு குட்டி நாடகத்தில் நடித்தார். எடிங்டன் ஆஸ்திரேலியா போனபோது அந்த நாட்டுப் பிரதமர் பாப் ஹாக், ஒரு கூட்டத்தில் “என் பேச்சை எதற்குக் கேட்கிறீர்கள், நிஜப் பிரதமரே வந்திருக்கிறார்” என்கிற மாதிரி சொல்லி அவரை மேடையேற்றிவிட்டாராம். அவர் ஏதோ சமாளித்துப் பேசியிருக்கிறார். பின்னாளில் இந்தியிலும் ஃபரூக் ஷேக் அந்த மந்திரியாக நடித்தார். அருமையான நடிகர்தான், ஆனால் என் மனசில் ஹாக்கர் என்றால் எடிங்டன் முகம்தான்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அந்தத் தொடருக்காகச் சிறந்த நடிப்புக்கான ‘பாஃப்டா’ என்ற பிரிட்டிஷ் விருதுப் பட்டியலில் நாலு தடவை எடிங்டன், ஹாதார்ன் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. நாலு தடவையும் விருது ஹாதார்னுக்கே போனது. ஹாதார்ன் அதற்குத் தகுதியானவர்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பேசுகிறவன் நடிக்கிறான் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கேட்கிறவனும் நடிக்கிறான் என்பது தெரிவதில்லை. நம் ஆபீஸ் நாடகத்தில் எனக்கு அதுதானே பிரச்சினை. நீ வசனம் பேசும்போது என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பேன். “கையை மறந்துடு. நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேளு, போதும்” என்று மூன்றாம் நாள் ஒத்திகையில் சொன்னாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது எடிங்டனைப் பார்க்கும்போது புரிகிறது.

அவர் மேடையை விட்டுவிடவும் இல்லை. தொலைக்காட்சியில் உச்சத்தில் இருந்தபோதே 1982-ல் மைக்கேல் ஃப்ரெய்னின் ‘நாய்ஸஸ் ஆஃப்’ நாடகத்தில், நடிகர்களோடு மல்லாடும் இயக்குநராக வந்தார். ஸ்டாப்பார்டு, மோலியேர், ராட்டிகன் எழுதிய நாடகங்கள் என்று வரிசையாகச் செய்தார். 1992-ல் ‘நோ மேன்ஸ் லேண்ட்’. அதை எழுதிய ஹரால்டு பின்டரே எதிரில் நடித்தார். அதில் எடிங்டனுக்கு ஸ்பூனர் வேடம், ஓயாமல் பேசுகிற ஆள். நாடகத்தின் கடைசியில் நீளமான ஒரு மன்றாடல் இருக்கிறது. பேசவும் அவரால் முடியும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இவ்வளவையும் உனக்கு எழுதுவதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

அவருக்கு முப்பது வயது ஆவதற்கு முன்பே ஒரு தோல் நோய் வந்துவிட்டது. ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்று பெயர். பெயரைப் பார்த்தால் பூஞ்சை என்று தோன்றும். பூஞ்சையும் இல்லை, தொற்றும் இல்லை. தோலில் வரும் ஒரு அரிய வகைப் புற்றுநோய். முற்றிய கட்டிகள் காளான் மாதிரித் தெரிந்ததால் அந்தக் காலத்து மருத்துவர் வைத்த பெயர். படை மாதிரி ஆரம்பித்து வருஷக்கணக்காக மெதுவாக நகரும். உன்னுடையது அது இல்லை, பயப்படாதே. சொரியாசிஸ் வேறு வகை. அதுவும் யாருக்கும் ஒட்டாது, இலையை நகர்த்துகிறவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாம் பார்த்த ஜெர்ரியும் ஹாக்கரும் அந்த நோயோடுதான் நடித்தார்கள். முகத்தை வைத்தே பிழைக்கிற தொழில். சுமார் நாற்பது வருஷம் வெளியே மூச்சு விடவில்லை. 1990-களில் நோய் வெளியே தெரிகிற அளவுக்கு வந்து, ஜனங்கள் கண்டபடி பேச ஆரம்பித்தபிறகுதான் இன்னதென்று சொன்னார்.

அப்படிச் சொன்னவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 1994-ல் லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில் டேவிட் ஸ்டோரியின் ‘ஹோம்’ நாடகத்தில் நடித்தார். கூட நடித்தது யார் தெரியுமா? வேலிக்கு அந்தப்பக்கத்து டாம், ரிச்சர்ட் பிரையர்ஸ். நிஜத்திலும் நெடுநாள் சிநேகிதர்கள். ‘ஹோம்’ பெரிய கதை ஒன்றும் இல்லாத நாடகம். தோட்டத்தில் நாற்காலி போட்டு வயதான இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். வானிலை, பழைய வேலை, சொந்தக்காரர்கள். வாக்கியத்தை முடிக்காமல் விடுவார்கள், மற்றவர் தலையாட்டுவார். அது ஒரு மனநலக் காப்பகம் என்று போகப்போகத்தான் நமக்குத் தெரியும். நான் அதை மேடையில் பார்த்ததில்லை, பார்க்கவும் இனி வழியில்லை. ஆனால் நோய் முற்றிய உடம்போடு எடிங்டன் அந்த நாற்காலியில் உட்கார, இருபது வருஷச் சிநேகிதன் பக்கத்து நாற்காலியில் இருந்ததை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நோய் தெரிகிற முகத்தோடு தினமும் ஒரு அரங்கம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாரே.

1995 நவம்பர் 4-ம் தேதி இறந்தார், அறுபத்தெட்டு வயது. கடைசி நாட்களில் பிபிசியில் ஜெரமி ஐசக்ஸுக்கு ஒரு நேர்காணல் கொடுத்தார். தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று முன்பு ஒரு பத்திரிகையாளர் கேட்டதைச் சொல்லி, “இவர் மிகக் கொஞ்சமே தீங்கு செய்தார்” என்று இருந்தால் போதும் என்றார். அது சுலபம் இல்லை என்றும் சொன்னார். போருக்குப் போக மறுத்த பையன் அறுபத்தெட்டு வயதில் அதையே சொல்கிறான் என்று எனக்குப் பட்டது.

சரி. வருகிற மாசம் 14-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. வெளியூர் ஆட்கள் அதிகம் இல்லை, நாற்பது பேர்தான். பத்திரிகை தனியாக வரும், ஆனால் இதையே அழைப்பாக எடுத்துக்கொள். நீ வராவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன். முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் ஏறு, ஸ்டாண்டில் நான் நிற்பேன். ராத்திரி ஒரு பகுதியாவது சேர்ந்து பார்ப்போம். மறுநாள் பந்தியில் என் வலதுபக்கம் உட்கார். எனக்கு அந்தக் காதுதான் கேட்கும்.

உன்,
பழைய அறைத் தோழன்