கையோடு பறக்கும் கணினி

ஆசிரியருக்கு வணக்கம்.

ரிச்சி தெருவில் கணினி பொருத்தித் தரும் எங்களிடம், "இதை விமானக் கேபினிலேயே கொண்டுபோகலாமா?" என்று யாராவது கேட்காத நாளில்லை. தடை ஏதும் இல்லை, அளவுதான் சிக்கல். உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோ, 55 × 35 × 25 செ.மீ. என்பதுதான் கணக்கு. நிமிர்ந்து நிற்கும் கணினிப் பெட்டியான நடுத்தர டவர் கேபினெட்டின் உயரமும் நீளமும் 45 செ.மீ.யைத் தொடும், எப்படித் திருப்பினாலும் 35-க்குள் அடங்காது. மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டுக்கான (முதன்மைச் சர்க்யூட் பலகை) கேபினெட் என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டவர் வைத்திருப்பவர்கள் கேபினெட்டை செக்-இன் லக்கேஜில் போட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை மட்டும் கையில் எடுப்பதே நல்லது. 1 கிலோவைத் தாண்டும் கார்டை மதர்போர்டிலேயே விட்டால், பெட்டி ஒருமுறை தொப்பென்று விழுந்தாலும் கார்டு செருகியிருக்கும் ஸ்லாட் பிளந்துவிடலாம். ஸ்லாட் ஓரத்திலுள்ள சின்ன பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திக்கொண்டு கார்டை நேராக இழுத்து, நிலைமின்சாரத்தைத் தடுக்கும் ஆன்டி-ஸ்டேடிக் கவரில் போடுங்கள். சாதாரண பபிள் கவர் நிலைமின்சாரம் உண்டாக்கும். அதை வெளியே மட்டும் சுற்றலாம்.

பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் உயரமான கூலரையும் கழற்ற வேண்டும். அடியில் பின்கள் உள்ள ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசசர் என்றால், கணினியை 10 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகிய பிறகே தூக்குங்கள். இரண்டுக்கும் நடுவே தடவிய வெப்பப் பேஸ்ட் ஆறிப்போய்க் கவ்விக்கொண்டால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கண்ணாடிப் பக்கத்தட்டைத் தனியே துணியில் சுற்றுங்கள்.

ஸ்குரூடிரைவர் லக்கேஜில்தான் போக வேண்டும். கைப்பையில் இருந்தால் மீனம்பாக்கத்துச் சோதனையிலேயே பறிபோகும். யுபிஎஸ்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குவோர் சிலர்,
ரிச்சி தெரு, சென்னை