கிப் ரிவர் சாலையில் ஸ்டெப்னி தந்தவருக்கு

ஐயா, அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பியிலிருந்து கிழக்கே சுமார் 660 கிலோமீட்டர் நீளும் மண்சாலை அது. வழிகாட்டி டயரில் காற்றைக் குறைத்து நிதானமாகத்தான் ஓட்டினார். அந்தக் கிம்பர்லி வட்டாரத்தின் கூர்க்கற்கள் விடவில்லை. இரண்டு ஸ்டெப்னியும் தீர்ந்த பிறகு மூன்றாவது டயர் கிழிந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. அம்மா போவாப் மர நிழலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே புழுதியோடு வந்த நீங்கள், நாங்கள் கை காட்டும் முன்பே நிறுத்தினீர்கள். முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவே மாட்டேன். பிறகு உங்கள் லேண்ட் குரூசரின் ஒரே ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டி வந்தீர்கள். ஐந்து போல்ட்டும் பொருந்தின. "மவுண்ட் பார்னெட் ரோடுஹவுஸில் விட்டுவிடுங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்றீர்கள். அந்தச் சாலையில் ஸ்டெப்னி இல்லாமல் போவது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

பென்டகோஸ்ட் ஆற்றில் உப்புநீர் முதலைகள் உண்டு. இறங்கி ஆழம் பார்க்க முடியாது. அதைக் கடந்து, காக்பர்ன் மலை சிவந்து நின்றதைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தோம்.

சக்கரத்தோடு அம்மா ஒரு தேயிலைப் பொட்டலமும் கட்டி வைத்தார். கிடைத்ததா, ஐயா?