சுறாவை விடுங்கள், கடலின் இழுப்பைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் சுறாவைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். படித்ததோடு விடவில்லை. இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகளைப் புதுச்சேரிக்குச் சுற்றுலா அழைத்துப் போக ஏற்பாடு நடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் உங்கள் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, "சுறா இருக்கிற இடம், பிள்ளைகள் கால்கூட நனைக்கக் கூடாது" என்று எழுந்து சொன்னார். பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். கடலில் இறங்குபவர்களுக்கு நிஜமான ஆபத்து, கரையிலிருந்து ஆளை வெளியே இழுத்துப் போகும் நீரோட்டம்தான். அதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் கட்டுரையிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

நான் அந்தமானில் ஸ்கூபா படகுகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து மாந்தோப்பைக் கவனித்துக்கொண்டிருப்பவன். சுறாவைத் தண்ணீருக்குள் பக்கத்தில் பார்த்த பழக்கம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

கடலில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் பல மைலுக்கு அப்பால் இருக்கும் சுறா மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பயம் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது. வாசனை தண்ணீரில் தானாகப் பறந்து போகாது, நீரோட்டம் சுமந்துகொண்டு போக வேண்டும். மாம்பழ சீசனில் நம் மாவட்டத்து மாங்கூழ் ஆலை வாசனை காற்றடிக்கும் பக்கத்து ஊருக்குத்தான் போகும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது அல்லவா, அப்படித்தான். அது போய்ச் சேர நேரமும் பிடிக்கும், போகப் போகக் கரைந்தும் விடும். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுறா, திருக்கை வகைகளில் ஐந்து இனங்களைச் சோதித்தார்கள். அவற்றின் மோப்பத் திறன் மற்ற மீன்களின் திறனைவிட ஒன்றும் தூக்கலாக இல்லை என்றே தெரிந்தது. சுறாவின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின்படி, இரண்டு மூக்குத் துளைகளில் எதற்கு வாசனை முதலில் எட்டுகிறதோ அந்தப் பக்கம் அது திரும்புகிறது. ஒரு நொடியில் சிறு பகுதி வித்தியாசம் இருந்தாலே அதற்குப் போதும்.

தூரத்திலிருந்து சுறாவுக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் சத்தம். அதன் காது தலைக்குள் இருக்கிறது, வெளியே இரண்டு சிறு துளைகள் மட்டும் தெரியும். நமக்குக் கேட்கும் கீச்சுக் குரல்கள் அதற்குக் கேட்காது. தாழ்ந்த, விட்டுவிட்டு வரும் அதிர்வுகள் நன்றாகக் கேட்கும். அடிபட்ட மீன் துடிக்கும்போது வருவது அப்படிப்பட்ட சத்தம்தான். 1963-இல் இரண்டு ஆய்வாளர்கள் அதே மாதிரி ஒலியைக் கடலுக்கடியில் ஒலிபரப்பியபோது, இரை எதுவும் இல்லாமலே சுறாக்கள் தேடி வந்தன. ஆழத்தில் கைகாலைத் தாறுமாறாக அடிக்காமல் நிதானமாக நீந்து என்று முக்குளிப்பவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

கிட்டே வந்த பிறகு கண் வேலை செய்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் பார்க்க விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல் ஒரு படலம் இருக்கிறது. ஆனால் பல இனங்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 2011-இல் 17 இனங்களைப் பார்த்ததில் 10 இனங்களின் கண்ணில் நிறம் உணரும் செல்களே இல்லை. பளிச்சென்ற வித்தியாசம்தான் அவற்றுக்குக் கண்ணில் படும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், மின்னும் சங்கிலி எல்லாம் வெயிலில் மீன் செதிலைப் போலப் பளபளக்கும். நம் வீடுகளில் யாரும் இதை யோசிப்பதில்லை. கடலுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது, அலை இழுத்துக்கொண்டு போகாமலும் இருக்கும்.

கட்டுரையில் விட்டுப்போன விஷயம்தான் இதில் மிகச் சுவையானது. சுறாவின் மூக்கைச் சுற்றிப் பேனா முனையால் குத்தியது போல் நிறையப் புள்ளிகள் தெரியும். அவை பிசின் நிரம்பிய குழாய்களின் வாய். 1678-இலேயே இத்தாலிய மருத்துவர் லொரென்சினி இவற்றை விவரித்திருந்தாலும், எதற்காக இருக்கின்றன என்று பிடிபட ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆனது. 1971-இல் கால்மைன் என்ற டச்சு விஞ்ஞானி ஒரு தட்டை மீனை மணலுக்கடியில் ஒளித்துவைத்தார். ஒரு சின்னச் சுறா நேராக வந்து தோண்டியது. மீனை ஜெல்லிப் பெட்டிக்குள் வைத்து வாசனையைத் திசைதிருப்பியபோதும் கண்டுபிடித்தது. மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு மூடியதும் பேசாமல் கடந்து போய்விட்டது. அப்புறம் மீனையே எடுத்துவிட்டு, அதன் உடம்பிலிருந்து வருவது போன்ற மிகச் சிறிய மின்சாரத்தைக் கம்பி வழியாக மணலுக்குள் விட்டார். சுறா அந்தக் கம்பியைத் தோண்டியது! உயிருள்ள எல்லா உடம்பிலும் கசியும் மின்சாரத்தை அது அந்தத் துளைகளால் உணர்கிறது. ஒரு வோல்ட்டை 100 கோடி பங்காக்கி, அதில் ஐந்து பங்கு ஒரு சென்டிமீட்டரில் இருந்தாலும் அதற்குப் போதும். ஆனால் ஒரு மீட்டருக்குள்தான் இது வேலை செய்யும், தூரத்திலிருந்து நம்மைக் கண்டுபிடிக்கும் மந்திரமில்லை.

இவ்வளவு புலன்கள் இருந்தும் அது நம்மைத் தேடி வருவதில்லை. காரணம், நாம் அதன் சாப்பாட்டில் சேர்த்தியில்லை. 500-க்கு மேற்பட்ட இனங்களில் மனிதர்களைக் கடித்த சம்பவங்கள் பெரும்பாலும் மூன்றின் கணக்கில்தான் வருகின்றன: பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. சீண்டாமலே கடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60, 70. அதில் இறப்பவர்கள் சராசரியாக ஆறு பேர் அளவில். கடித்தாலும் பல நேரம் ஒரு கடியோடு விட்டுப் போய்விடுகிறது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரேசிலின் ரெசிஃபெ கடற்கரையில் 1992 முதல் அடிக்கடி ஆட்களைச் சுறா கடித்தது. பக்கத்தில் துறைமுகம் கட்டியபோது கழிமுகம் சிதைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் வேலை பார்த்த ஹாவ்லாக் தீவில் 2010-இல் ஒரு சுற்றுலாப் பயணி கடலில் கொல்லப்பட்டார். கொன்றது உவர்நீர் முதலை. அங்கே நாங்கள் பயந்ததும் முதலைக்குத்தான்.

உங்கள் கட்டுரைக்குப் போட்ட படத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஆட்கொல்லி' என்று கீழே எழுதியிருக்கிறது, மேலே இருப்பதோ முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு திமிங்கலச் சுறா. வாயைத் திறந்துகொண்டு மிதவை உயிர்களையும் குஞ்சு மீன்களையும் வடிகட்டித் தின்னும் அப்பாவிப் பிராணி அது. 2001 முதல் புலி, யானையோடு சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. குஜராத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதை வீட்டுக்கு வந்த மகளைப் போலப் பார்க்கச் சொல்லிப் பேசினார். அங்கே மீனவர்கள் தங்கள் வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள், அறுத்த வலைக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதன் படத்தைப் போட்டு ஆட்கொல்லி என்றால் எப்படி?

இதற்கு நடுவே, கட்டுரை வந்த சூட்டில் ஒகேனக்கல்லில் சுறா என்று ஒரு வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. காளைச் சுறா நன்னீரிலும் வாழும் என்பது உண்மைதான், அமேசானில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போயிருக்கிறது. ஆனால் காவிரியில் அது ஏறி வர வேண்டுமென்றால் கல்லணையைத் தாண்ட வேண்டும், பிறகு 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையைத் தாண்ட வேண்டும். சுறாவுக்குக் கால் கிடையாது. ஒகேனக்கல்லில் முதலை உண்டு, சுழல் உண்டு, வழுக்குப் பாறை உண்டு. பரிசல்காரர் சொல்வதைக் கேட்டு உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொண்டால் போதும்.

சரி, சுறா இருக்கக்கூடிய கடலுக்கே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் நீந்தாதீர்கள், இரை தேடும் நேரம் அது. ஆற்று முகத்துவாரம், கலங்கிய தண்ணீர், கரைவலை இழுக்கும் இடம், மீன் கழிவு கொட்டும் இடம் வேண்டாம். சின்னச் சுறாதானே என்று வாலைப் பிடிக்க வேண்டாம், வலையிலிருந்து எடுக்கும்போது கடி வாங்கும் மீனவர்களைக் கேட்டால் தெரியும். எதிரே ஒன்று வந்தால் அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும். கடித்தேவிட்டால் கண்ணிலும் செவுளிலும் ஓங்கிக் குத்த வேண்டும். கரைக்கு வந்ததும் காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை, கையிலோ காலிலோ ரத்தம் நிற்கவில்லையென்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஆனால் புதுச்சேரிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவைப்படப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கடற்கரையில் நாம் பயப்பட வேண்டியது நான் முதலில் சொன்ன இழுப்புக்குத்தான். கரையில் உடைந்த அலைத் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக ஒரு குறுகிய வழியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாக இருக்கும். கடலைப் பழகாதவர்கள் அதைப் பார்த்து, இங்கே பயமில்லை என்று அங்கேதான் இறங்குவார்கள். அந்த ஓட்டம் இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, நல்ல நீச்சல்காரரும் களைத்துப் போவார். அது அடியில் இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்துகொண்டே கையைத் தூக்கி உதவி கேட்கலாம், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்பலாம். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நீச்சலே தெரியாத பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கக் கூடாது, அதுவும் ஆசிரியர் பார்வையில்.

சுறாவுக்குக் கொடுத்த அதே முழுப் பக்கத்தை இதற்கும் கொடுங்கள். அலை உடையாத அந்த இடம் எப்படியிருக்கும் என்று கரையிலிருந்து எடுத்த படத்தோடு போட்டால் நல்லது. பள்ளிச் சுற்றுலா மாதக் கடைசியில், அதற்கு முன்பே வந்தால் பெற்றோர் கூட்டத்தில் நானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.