வந்தவாசி மூன்றாம் சுற்றில் நிற்கிறது

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. மற்ற செய்திகளை அவளே போனில் சொல்வாள், நீ எடுத்தால்.

பொங்கலுக்கு வந்தபோது மாடி அறையில் நீ விரித்துவிட்டுப் போன வந்தவாசிப் போர்ப் பலகை ஆட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பெருக்க வருகிற அம்மாளைக்கூட அந்த அறைக்குள் நான் விடுவதில்லை. மூன்றாம் சுற்றில் ஆங்கிலேயர் நகர்ந்துவிட்டார்கள், அடுத்தது பிரெஞ்சுக்காரர்களின் முறை. காய்கள் நிற்கும் நிலையைப் படம் எடுத்துக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் இன்னொரு பிரதியில் வைத்து ஆடி முடித்து, வழக்கம்போல் போர்க்கதையை எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். பங்குனியும் பிறந்துவிட்டது. சோளிங்கர்ப் போரை நீ நான்கு கடிதங்களாக எழுதியபோது, 1781 செப்டம்பர் 27 அன்று ஐதர் அலியின் பீரங்கிகள் எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றிருக்கக்கூடும் என்பதைக்கூட யோசித்து எழுதியிருந்தாய். அதை என் பழைய தலைமையாசிரியரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது உன் பெண்ணா எழுதினாள்?" என்று இரண்டு முறை கேட்டார். அப்படி எழுதியவள் மூன்றாம் சுற்றோடு நிறுத்திவிட்டால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

வேலை அதிகம் என்று சொல்வாய். இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு ஆடு, அல்லது ஆடாமலும் இரு, ஆனால் சாப்பிடு.

சும்மா இருக்க முடியாமல் நீ எழுதி வைத்திருக்கும் விதிகளை நான்கு முறை படித்துவிட்டேன். தாக்கும் காய்களின் பலத்தைக் கூட்டி, எதிர்ப்பவரின் பலத்தால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, பகடையை உருட்டிப் பட்டியலில் முடிவைப் பார்ப்பது வரை எனக்கு விளங்கிவிட்டது. மூன்றுக்கு ஒன்று என்ற பலம் சேராமல் தாக்கப் போவது முட்டாள்தனம் என்பதையும் நான்கு பகடை உருட்டலில் கற்றுக்கொண்டேன். என் அம்மா திண்ணையில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்கு மூன்றே காய்கள், ஆனாலும் அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. உன் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறாய்.

பிரெஞ்சு இடப்பக்கத்தில், குளத்துக்கரை அரணில் கப்பற்படை வீரர்கள் நின்ற இடத்தில், வெடிமருந்து வண்டி பகடையில் ஆறு விழுந்தால் மட்டுமே வெடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். முதலில் எனக்குக் கோபம் வந்தது. 1760 ஜனவரி 22 அன்று அது வெடித்தது, அரணில் இருந்தவர்கள் சிதறினார்கள், அந்த இடைவெளியில் ஆங்கிலேய அதிகாரி பிரெர்ட்டன், டிரேப்பர் படைப்பிரிவோடு பாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துத் தானும் விழுந்தார் என்பதுதானே வரலாறு, அதை எப்படிப் பகடையிடம் விட முடியும் என்று நினைத்தேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் "வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றனர்" என்று ஒரே வரியில் சொல்லிக் கரும்பலகையைத் துடைத்தவன் நான். அந்த வண்டி வெடிக்காமலும் போயிருக்கலாம் என்பது எந்த ஆண்டும் எனக்குத் தோன்றியதில்லை. நீ எழுதியதே சரி.

போன வாரம் ஆரணி வழியாகப் பேருந்தில் வந்தவாசிக்கே போய் வந்தேன். கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு கோரைப்பாய் வாங்கி வந்தேன். வரைபடத்துக்கு அடியில் போடலாமென்று நினைத்தேன். ஆனால் பாயின் நெளிவில் அட்டைக் காய்கள் சாய்கின்றன, அதனால் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். பிரெஞ்சுத் தளபதி லாலியின் ஐரோப்பியக் குதிரைப்படை முதலில் அவர் கட்டளைக்கு நகர மறுத்ததற்கு விதி எழுதியிருக்கிறாய். மராத்தியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றதற்கும் எழுதியிருக்கிறாய். ஆனால் லாலியும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த புஸ்ஸியும் ஒரே பக்கத்தில் இருந்துகொண்டே ஒத்துப்போகாமல் இருந்ததற்கு ஒரு விதியும் காணோம். கடைசியில் புஸ்ஸி குதிரை சுடப்பட்டுச் சிறைப்பட்டார், லாலி செஞ்சிக்கும் பிறகு புதுச்சேரிக்கும் பின்வாங்கினார், மறு ஆண்டு ஜனவரியில் அதுவும் போயிற்று. ஒரே கூடாரத்தில் பேச்சு நின்றுபோனால் பலம் எவ்வளவு குறையும் என்று உன் பட்டியலில் எங்கே தேடுவது? பொங்கலன்று அம்மா காபிக்கு இரண்டு டம்ளர்களை எடுத்து வைத்து, பிறகு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் விடுப்பில்லை என்றாய். சரி.

எதிரிக் காய்களை ஒட்டியிருக்கும் ஆதிக்கக் கட்டங்கள் சூழ்ந்து, பின்வாங்க வழியில்லாமல் போன காய்தான் பலகையை விட்டு எடுக்கப்படுகிறது. மற்றபடி பின்வாங்குகிற காய் அடுத்த சுற்றில் மறுபடி ஆடுகிறது. இதை நீதான் எனக்கு விளக்கினாய். பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு எத்தனை ரயில்கள் என்பது உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். நீ ஆறாவது படிக்கும்போது, காலண்டர் அட்டையை வெட்டிக் காய்கள் செய்துகொண்டு, ஆற்காட்டு முற்றுகையை வாசலில் கோலமாவால் வரைந்து வைத்து, "அப்பா, நீங்க கிளைவ், நான் ராஜா சாகிப்" என்று வந்து நின்றாய். கோட்டையை முற்றுகையிட்ட ராஜா சாகிப்பின், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளுக்குப் புளியங்கொட்டை வைத்திருந்தாய். விடைத்தாள் திருத்த வேண்டும், இரண்டு பக்கமும் நீயே ஆடிக்கொள் என்றேன். விடைத்தாள்கள் முந்தின இரவே திருத்தி முடித்தாயிற்று. தெருவில் போகிறவர்கள் பார்க்க, வாத்தியார் ஒரு பெண்பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவது எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நீ ஒரு பக்கம் ஆடிவிட்டு எழுந்து, சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்து ஆடினாய். பிறகு கேட்கவே இல்லை. என் பெண்ணுக்குத் தனியாக ஆடுவதுதான் பிடிக்கும் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று பழகியதைத்தான் நீ எல்லாவற்றிலும் செய்கிறாய் என்று இப்போது படுகிறது. அம்மா என்ன சொல்வாள், அப்பா என்ன சொல்வார் என்பதையும் நீயே எங்கள் பக்கம் உட்கார்ந்து ஆடிவிட்டு முடிவை மட்டும் சொல்வாய். இந்த முறை முடிவையும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாடியில் புழுக்கம் தாங்காமல் யோசனையில்லாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டேன். மற்ற காய்கள் தப்பின, பிரெஞ்சுக்காரர்களின் லொரேன் படைப்பிரிவு மட்டும் பறந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தேடி எடுத்துவிட்டேன், ஆனால் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலப் பக்கத்தை நீ ஆடு. உன் படத்தைப் பார்த்து லொரேன் எங்கே நின்றது என்று மட்டும் எழுதினால் போதும், நான் நகர்த்திவிட்டு உனக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா