சமையலறையில் நிற்கும் சவுக்குக் கட்டை

மாவட்ட வருவாய் அலுவலர் (நில எடுப்பு) அவர்களுக்கு,

பொருள்: பழைய பேருந்து நிலையச் சுற்றுப்பகுதி மறுமேம்பாட்டுத் திட்டம் – சிவப்பு எண் 47 இட்ட வீடு – விலை கேட்டல்.

பார்வை: தங்கள் அலுவலர்கள் வாய்மொழியாகச் சொன்னவை. நாளும் இல்லை, எண்ணும் இல்லை.

ஐயா, வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டுகள் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பார்வை எண் இல்லாத கடிதம் மேசை விட்டு மேசை நகராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் நான்கு தெருக்களின் 63 வீடுகளைப் பற்றி இதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் கைக்கு வரவில்லை. எதைக் காட்டி எழுதுவது? அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

திட்டத்தின் வரலாறு எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். சுவரில் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதிப் போனவர்கள் உங்கள் ஆட்கள். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, ‘நேரடிப் பேச்சுவார்த்தை மூலம் வாங்கிக்கொள்கிறோம், சட்டப்படி கிடைப்பதைவிடக் குறையாது’ என்று சொன்னவர்களும் அவர்களே. என்ன விலை என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். ‘அது பிறகு’ என்றார்கள். அந்தப் பிறகுக்கு வருகிற மாசியோடு நான்கு வயது முடிகிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் வீட்டுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, அடுப்படிக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட அனுமதி கேட்டு நான் கொடுத்த மனுவுக்குப் பதில்: மேற்படி கட்டடம் திட்ட எல்லைக்குள் அமைவதாலும், நில எடுப்புப் பிரிவின் தடையின்மைச் சான்று இணைக்கப்படாததாலும் பரிசீலிக்க இயலாது. இன்னொன்று, அதே கட்டடத்துக்கான சொத்து வரிக் கேட்பு.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். 1974-இல் இந்த வீட்டை வாங்கினார். முன்பக்கம் பிறகு நாங்கள் கட்டியது. பின்கட்டு மட்டும் பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கலைக் குத்தவைத்து, சுண்ணாம்புக் காரை போட்டது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நூறு ஆண்டு நிற்கும் என்பார்கள். நாங்களும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை தட்டோடு பதித்து, விரிசலுக்குப் பூச்சு பூசி வந்தோம். சிவப்பு எண் வந்த பிறகுதான் கொத்தனாருக்குச் செலவு செய்யக் கை வரவில்லை. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று முதல் மழைக்காலத்தை விட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் கரையான் ஏறியது. மூன்றாவதில் நடுக்கட்டை ஒன்று இறங்கிவிட்டது.

இப்போது எங்கள் அடுப்படியின் நடுவில் ஒரு சவுக்குக் கட்டை நிற்கிறது. கீழே ஒரு பலகைத் துண்டு, மேலே ஒரு பலகைத் துண்டு, நடுவில் இது. என் மனைவி அதில் ஆணி அடித்துத் தேநீர் வடிகட்டியையும் இடுக்கியையும் தொங்கவிட்டிருக்கிறாள். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சுற்றி நடக்கிறாள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. காரை உதிர்வதால் மாவுச் சட்டியை மூடாமல் வைக்க முடியாது. பேரன் விடுமுறைக்கு வந்தால் அவனுக்கு அடுப்படியில் நுழைய அனுமதி கிடையாது. அவனுக்கு அனுமதி மறுக்க மட்டும் எனக்கு யாரிடமும் சான்று வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆவணி மாதம் கட்டட மதிப்பீட்டுக்கு என்று ஓர் இளைஞர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல பிள்ளை, செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வந்தார். மோர் குடித்தார். அந்தக் கட்டையைத் தட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எழுத்தைத் தலைகீழாகப் படிக்கிற பழக்கம் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் உண்டு. ‘சமையலறை: கூரைக்கு முட்டுக் கொடுக்கப்பட்டுள்ளது. மிகவும் பழுது.’

கட்டடத்தின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்பத் தேய்மானம் கழித்துத்தானே நீங்கள் மதிப்புப் போடுவீர்கள்? பழுது பார்க்க விடாதவர்களும் நீங்கள், பழுது என்று எழுதிக் கழிக்கப் போகிறவர்களும் நீங்கள். சட்டம் இழப்பீட்டுக்கு மேல் அதே அளவு, அதாவது 100 சதவீதம், ஆறுதல் தொகை தருகிறது என்று மண்டபத்தில் பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான், தருகிறது. ஆனால் அடித்தளத் தொகை தேய்ந்து போனால் ஆறுதலும் அதோடு சேர்ந்து தேய்கிறது என்பதைக் கருவூலத்தில் கூட்டல் கணக்குப் போட்டவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தை நான் முழுதாக வாசித்தேன். வேறு வேலை இல்லாதவன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். 11-ஆம் பிரிவின்படி முதல்நிலை அறிவிப்பு வந்துவிட்டால், அந்த நிலத்தில் கிரயமோ அடமானமோ செய்யக்கூடாது என்கிறது. ஒழுகுகிற கூரையை மாற்றக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. சரி, கட்டிப்போடுகிறது. ஆனால் கட்டிப்போடுகிற அதே சட்டம் ஒரு கடிகாரத்தையும் ஓட விடுகிறது. முதல்நிலை அறிவிப்பு வந்த 12 மாதத்துக்குள், நிலத்தை எடுப்பது உறுதி என்கிற விளம்புகை வர வேண்டும். விளம்புகை வந்த 12 மாதத்துக்குள், எவ்வளவு தொகை என்று முடிவு சொல்லும் இழப்பீட்டுத் தீர்வம் வர வேண்டும். அரசு காலத்தை நீட்டிக்கலாம், ஆனால் அதற்கும் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். சமூகத் தாக்க ஆய்வுக்கான அறிவிப்பு வெளியான நாளிலிருந்து சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதலாகவும் சேர்ந்துகொண்டே வர வேண்டும்.

எங்களுக்கு அந்த அறிவிப்புகளில் ஒன்றும் வரவில்லை. நேரடிப் பேச்சுவார்த்தை என்கிறீர்களே, அதனால். கடிகாரம் ஓடவில்லை, 12 சதவீதம் சேரவில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை எடுத்துப் போனால், ‘அது திட்டத்தில் இருக்கிறதே’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வங்கி மேலாளரும் அதையே சொல்கிறார். எட்டாம் எண் வீட்டு அம்மாள் மகன் படிப்புக்கு வீட்டை வைத்துக் கடன் கேட்டுப் போய், கடைசியில் வளையல்களை வைத்தார். சட்டத்திலிருந்து கட்டுகிற கயிற்றை மட்டும் உருவிக்கொண்டு கடிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டீர்கள், ஐயா. தாமதத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. செலவெல்லாம் எங்களுடையது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. என் வீட்டை வாங்குவதென்றால் விலையையும் பணம் தரும் நாளையும் எழுத்தில் கொடுங்கள். வாங்குவதில்லை என்றால், விட்டுவிட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

திட்டமே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. பேருந்து நிலையத்தின் நெரிசலை ஐம்பது ஆண்டாகப் பார்க்கிறேன்; பஸ் திரும்ப இடமில்லாமல் ஆம்புலன்ஸ் நின்றதையும் பார்த்திருக்கிறேன். நியாயமான விலை என்றால் நானே சாவியைக் கொண்டுவந்து தருவேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேரின் கோபத்தையும் உங்கள் மௌனம்தான் வளர்க்கிறது.

விலையைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, சுற்றுப்புறத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் நடந்த கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதை எடுப்பார்கள் என்று சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனில் மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைக்கப்பட்டது. எங்கள் தெருவின் கடைசி மூன்று கிரயங்களும் அந்தக் குறைந்த மதிப்பில்தான் பதிவாயின. கையில் வாங்கியது வேறு, பத்திரத்தில் எழுதியது வேறு. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க நாங்களும்தான் அப்படிச் செய்தோம், மறைக்கவில்லை. அதற்குப் பிறகு திட்டம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் இந்தப் பக்கம் யாரும் வீடு வாங்க வரவில்லை. விற்ற ஒருவரும் மகள் திருமணத்துக்காக வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர். அந்தக் கிரயத்தை வைத்து எங்களுக்கெல்லாம் விலை போட்டால் அது சந்தை மதிப்பு ஆகாது, அவருடைய நெருக்கடியின் மதிப்புதான் ஆகும். நடப்பு நிலவரத்தைக் காட்டாத கிரயங்களை ஒதுக்க 26-ஆம் பிரிவின் விளக்கம் இடம் தருகிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

சொத்து வரிக் கேட்பு என்றேனே, அதை இன்னும் முடிக்கவில்லை. 2022-இல் மாநிலமெங்கும் வரியை உயர்த்தினார்கள். எங்களைப் போன்ற நகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம். என் வீடு 1,080 சதுர அடி. சுவரில் சிவப்பு எண் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆக, வரி வாங்கும்போது இந்த வீடு வளர்ந்து வருகிற நகரத்தின் மையத்தில் இருக்கும் மதிப்புமிக்க சொத்து. விலை போடும்போது முட்டுக் கொடுத்த பழங்கட்டடம். ஒரே வீடு மேசைக்கு மேசை இப்படி உருமாறுவதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பேருந்து நிலைய வாசலில் வைத்திருக்கிறீர்களே அந்த வண்ணப் பதாகை, அதில் நீரூற்று ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் குழந்தைகள் பலூனோடு ஓடுகிறார்கள். ஒருவருக்கும் வியர்க்கவில்லை. நம் ஊரில், சித்திரை வெயிலில்! வரைபடத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், நீரூற்று வருகிற இடம் ஏறத்தாழ எங்கள் அடுப்படி. இப்போதும் மழை பெய்தால் அங்கே நீரூற்றுதான், எனவே திட்டத்தின் ஒரு பகுதி நிறைவேறிவிட்டது என்று அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மன்னிக்க வேண்டும். கடிதம் எழுத உட்கார்ந்தபோது இந்தத் தொனியில் எழுதக்கூடாது என்றுதான் மனைவி சொன்னாள்.

எங்கள் பயம் கற்பனையானதல்ல. கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் எடுப்பது என்று 2010 வாக்கில் முடிவானது. பணம் கொடுத்து நிலம் கைமாறி முடிய அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதுவரை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் இருந்த வீட்டுக்காரர்களைப் பற்றி எத்தனையோ முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். பத்தாண்டு என்பது உங்களுக்கு மூன்று இடமாறுதல். எனக்கு இப்போது 67. என் நடுக்கட்டைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

முன்பகுதியில் குடியிருந்த தையல்காரர் போன வருடம் காலி செய்து போய்விட்டார். எப்போது இடிப்பார்கள் என்று தெரியாத கடையில் எந்த வாடிக்கையாளர் துணி கொடுப்பார்? வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்று அவரிடம் சொன்னேன். ‘அதற்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டுமே, சார்’ என்றார். என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

ஐயா, பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். விலையும் நாளும் எழுத்தில், அல்லது விடுவித்ததாக எழுத்தில். இரண்டில் எதைக் கொடுத்தாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வேன். அது முடிகிற வரைக்கும், குடியிருக்கும் வீட்டைப் பழுது பார்க்கத் தடையில்லை என்று ஒரு வரி நகராட்சிக்கு எழுதுங்கள். அந்தச் செலவை நான் இழப்பீட்டில் கேட்க மாட்டேன் என்று உறுதிமொழி கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த பருவமழை தொடங்குவதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஏற்கெனவே நான்கு முறை வரிசையில் நின்றவன்தான், வழி தெரியும். ஒப்புகைச் சீட்டுகள் நான்கும் பத்திரமாக இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
சிவப்பு எண் 47 வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டையும் இறங்குவதாக மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். இன்னொரு சவுக்குக் கட்டை வாங்கிவந்து நிறுத்தியிருக்கிறோம். மறுபடி அளக்க வருகிறவரிடம், தட்டிப் பார்க்கும்போது மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள்.