கியூபோனின் அம்மா

அன்புள்ள கண்ணம்மா,

உன் நீளமான மெயில் வந்தது. "குழந்தைகள் விளையாட்டு என்று சொல்லிச் சாவையும் பேயையும் உள்ளே திணித்து வைத்திருக்கிறார்கள், இதையா என் பையன் கையில் கொடுத்தேன்" என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். கொடுத்தது உன் பழைய கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி, அதில் போடுகிற உன் பழைய மஞ்சள் கேசட்; போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளைப் பிடித்துச் சண்டைக்கு விடுகிற விளையாட்டின் மஞ்சள் பதிப்பு. அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டாதே என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். அந்த விளையாட்டில் வருகிற லாவெண்டர் டவுன் என்ற ஊரின் இசையைக் கேட்டுப் பிள்ளைகள் உயிரை விட்டார்கள் என்று நீ படித்தது சுத்தப் புரளி. நிஜமாக நடந்தது வேறு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் படபடவென்று மின்னின. அதைப் பார்த்த சுமார் 685 குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த எபிசோடை அதற்கப்புறம் மறுபடி போடவே இல்லை. அது வெளிச்சம் செய்த வேலை. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மற்றபடி நீ சொன்னதெல்லாம் உள்ளே இருப்பதுதான், மறுக்கவில்லை. கியூபோன் என்கிற குட்டிப் போக்கிமான் தலையில் மாட்டியிருப்பது செத்துப்போன அதன் அம்மாவின் மண்டை ஓடு. அழும்போது சத்தம் ஓட்டுக்குள் எதிரொலித்துச் சோகமான பாட்டாக வெளியே வருகிறது என்று மஞ்சள் பதிப்பில் ஒவ்வொரு போக்கிமானைப் பற்றியும் குறிப்பு தருகிற போக்கிடெக்ஸே சொல்கிறது. பிறகு வந்த பதிப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முழு நிலவில் அம்மாவின் சாயல் தெரிகிறதென்று அது அழுமாம். ஓட்டில் இருக்கும் கறைகள் கண்ணீர் பட்டுப் பட்டு வந்தவையாம்.

ஆனால் இது விளையாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று பார். அதுவரை என்ன நடந்திருக்கிறது? சண்டை போட்ட போக்கிமான் மயங்கி விழும். போக்கிமான் சென்டருக்குத் தூக்கிப்போனால் ஒரு சின்ன மெட்டு வாசிக்கும், எல்லாம் பழையபடி எழுந்துவிடும். எத்தனை தடவை விழுந்தாலும் இதே கதைதான், காசுகூடக் கிடையாது. பையன் மனதில் இதுதான் சட்டம் என்று பதிந்திருக்கும். அப்புறம் அவன் லாவெண்டர் டவுனுக்குள் நுழைகிறான். அங்கே ஒரு கோபுரம், அதில் மாடிக்கு மாடி போக்கிமான்களின் கல்லறைகள். தன் கிளெஃபேரிக்காகப் பிரார்த்தனை செய்ய வந்த ஒருவர் அழுகையை நிறுத்த முடியாமல் நிற்கிறார். சென்டரால் எழுப்ப முடியாதவையும் உண்டு என்று அந்த விளையாட்டு முதல்முறையாக ஒப்புக்கொள்கிற இடம் அது. 1996-இல் முதல் பதிப்பு வந்தபோதே அதை வைத்துவிட்டார்கள். ஒட்டுப்போட்ட திகில் என்றால் நானும் உன்னோடு சேர்ந்து திட்டியிருப்பேன்.

கோபுரத்துப் படிக்கட்டுக்குக் குறுக்கே நிற்கிற ஆவியை உனக்கு நினைவிருக்கிறதா? விளையாட்டின் வில்லன்களான ராக்கெட் கும்பலிடமிருந்து தப்பிக்கப் பார்த்தபோது கொல்லப்பட்ட மாரோவாக், கியூபோனின் அம்மா. நீ அதைப் பிடித்தே தீருவேன் என்று போக்கிமான் பிடிக்கிற பந்தை ஒன்று மேல் ஒன்றாக வீசினாய். அது ஒவ்வொரு தடவையும் ஒதுங்கிக்கொண்டது. கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டில் இதை மட்டும் பிடிக்க முடியாது. சண்டையில் தணித்து அனுப்பி வைக்கத்தான் முடியும். அது போனதும் நீ அழவில்லை. "அப்போ குட்டிக்கு யாரு?" என்றுதான் கேட்டாய். அது நல்ல கேள்வி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்காக இருட்டாக இருப்பதையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டேன். காட்டில் வழி தவறி இறந்த பிள்ளைகளின் ஆவி மரக்கட்டையில் புகுந்ததுதான் ஃபேன்டம்ப் என்ற போக்கிமான் என்று பிறகு வந்த ஒரு பதிப்பில், 2013-இல், எழுதினார்கள். பயமுறுத்துவதற்காகவே எழுதிய வரி என்றுதான் எனக்குப் படுகிறது, உப்புச் சப்பில்லை. யாமாஸ்க் என்ற இன்னொரு போக்கிமான் அப்படியில்லை. மனிதனாக இருந்தபோது தனக்கிருந்த முகத்தை முகமூடியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறது, எப்போதாவது அதைப் பார்த்து அழுகிறது. இதைப் படித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீ ரொம்பப் பயப்படுகிற டிரிஃப்லூன் இருக்கிறதே, அந்த பலூன், அது பிள்ளைகளைக் கடத்திப் போகக் கையைப் பிடித்து இழுக்கும் என்பதோடு நீ நிறுத்திவிட்டாய். அடுத்த வரியையும் படி. பிள்ளைகள்தான் அதை இழுத்துக்கொண்டு போகிறார்களாம்! அவன் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பான், பார்.

லாவெண்டர் டவுனில் ஒரு சிறுமி "பேயை நம்புகிறாயா?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால், "சரிதான், அப்போ உன் தோளில் இருக்கிற வெள்ளைக் கையும் பொய்தான்" என்பாள். அவனுக்கு இருட்டு என்றால் பயம் என்று எழுதியிருக்கிறாய். அதனால் அந்த ஊருக்கு ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் மட்டும் போகவிடாதே, பகலில் போகட்டும். அவன் பக்கத்தில் உட்கார், ஆனால் அவன் கேட்பதற்கு முன்னால் நீயாக விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே. கியூபோனின் அம்மா எங்கே என்று கேட்டால் செத்துப்போய்விட்டாள் என்றே சொல். தூங்குகிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்றெல்லாம் சுற்றி வளைத்தால் அவனே திரையைக் காட்டி உன்னைத் திருத்துவான்.

உனக்கு அவகாசமும் இருக்கிறது. அந்த ஆவி யாரென்று காட்டும் சில்ஃப் ஸ்கோப் என்ற கருவி ராக்கெட் கும்பலின் மறைவிடத்தில்தான் கிடைக்கும். ஜெயித்து ஜெயித்து வாங்குகிற பேட்ஜ்களில் அவன் இன்னும் இரண்டாவதிலேயே நிற்கிறான் என்கிறாய். அதற்குள் அவன் தூங்கின பிறகு நீ ஒரு தடவை கோபுரம்வரை விளையாடிப் பார்த்துவிடு. அவனுடைய சேவ் மேலே மட்டும் சேவ் பண்ணிவிடாதே. அதில் ஒன்றுக்குத்தான் இடம். அது அழிந்தால் அவனைச் சமாதானப்படுத்த என்னால் ஆகாது.

அன்புடன்,
அம்மா