3/6 கல்லுக்கு அப்புறம் யாருடைய சாலை?

மலைப்பகுதிச் சாலைகளின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உரிய அலுவலர் ஒருவரின் பெயருக்கே இந்தக் கடிதத்தை அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் சாலைக்கு அப்படி ஒருவர் இல்லை என்பதுதான் பிரச்சினையே. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். படிக்கும்போது 'இது நம்முடையது இல்லை' என்று தோன்றினால், தயவுசெய்து அடுத்த மேஜைக்குத் தள்ளாமல் கடைசி வரை படித்துவிடுங்கள். தள்ளித் தள்ளித்தான் இந்த நிலைமை.

போன மழையில் சாலை போனது உங்களுக்குத் தெரியும். படம் எடுத்துப் போனீர்கள். அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. மழை விட்டு வெயில் வந்த பிறகும் அங்கே ஒரு கல்கூட ஏன் வைக்கப்படவில்லை என்பதுதான் என் கேள்வி. பணம் இல்லை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆள் இல்லை என்றும் சொல்லவில்லை. 'பதிவேட்டில் இல்லை' என்றுதான் சொன்னார்கள்.

முதல் அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தே காட்டினார்கள். அதற்கு நன்றி, உண்மையாகவே. அதில் எங்கள் சாலை பிரதான சாலையில் பிரிந்து, 3/6 என்று எழுதிய தூரக் கல்லோடு முடிகிறது. இரண்டாவது அலுவலகத்தின் பதிவேட்டில் அதே சாலை ஊர் நுழைவிலுள்ள கோயிலில் தொடங்குகிறது. கல்லுக்கும் கோயிலுக்கும் நடுவே ஏறக்குறைய அறுநூறு மீட்டர். இரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒரு சிறுபாலம். மூன்றாவது அலுவலகத்தின் பழைய வரைபடத்தில் அந்த அறுநூறு மீட்டர் வெறும் நடைபாதை. நடைபாதைக்குத் தடுப்புச் சுவர் கட்ட மதிப்பீடு போட முடியாது, நியாயம்தானே. சரிவு ஏற்பட்டது சரியாக அந்த அறுநூறு மீட்டருக்குள்.

'மண் சரிவு' என்றுதான் எல்லோரும் எழுதிக்கொண்டோம். மண் தானாகச் சரியவில்லை. அந்தச் சிறுபாலத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் புரியும். கீழே இருக்கும் பாலங்களுக்கெல்லாம் கைப்பிடிச் சுவரில் வெள்ளை அடித்து, கறுப்பில் எண் எழுதியிருக்கிறது. இதற்கு வெள்ளையும் இல்லை, எண்ணும் இல்லை. எண் இல்லாத பாலத்தைத் தூர் வாரச் சொல்லி எந்த உத்தரவும் வராது. குழாயின் வாயில் கவாத்துக் குச்சிகளும் மண்ணும் பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்து அடைத்துவிட்டன. அடியில் போக வேண்டிய தண்ணீர் ரோட்டின் மேல் ஏறியது, பள்ளத்தாக்குப் பக்கம் விளிம்பைத் தேடிப் போய், கீழ்ச் சுவரின் அடியை அரித்தது. முதலில் சுவர் போனது. அப்புறம் பாதி ரோடு. மலையில் சாலையைக் கொல்வது வண்டியின் பாரம் அல்ல, போக வழியில்லாத தண்ணீர் என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரின் வழி எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

இப்போது ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு விளிம்பு மிச்சம் இருக்கிறது. இதில் படும் பாடு பலவிதம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் சிறு விவசாயிகள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. பறித்த பச்சை இலை அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டைக்குள் நெருக்கி வைத்தால் சூடேறும். சூடேறினால் சிவக்கும். சிவந்த இலையை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் எடையில் கழிவு போட்டுத்தான் எடுப்பார்கள். முன்பு பிக்கப் வண்டி ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இப்போது அது 3/6 கல்லில் நின்றுவிடுகிறது, உங்கள் பதிவேட்டைப் படித்ததுபோல. அதுவரை மூட்டையைத் தலையில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். அந்த விளிம்பில் இரண்டு பேர் எதிரெதிராகப் போக முடியாது. ஒருவர் கடக்கும் வரை மற்றவர் சுமையோடு காத்து நிற்க வேண்டும், இறக்கி வைக்கவும் இடம் கிடையாது. சுமப்பது பெரும்பாலும் பெண்கள், காலையிலிருந்து பறித்த அதே பெண்கள். கடைசி மூட்டை வந்து சேர்வதற்குள் அடிமூட்டையில் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு கையில் பட்டாலே அன்றைய கூலியில் எவ்வளவு போனது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ரேஷன் அரிசியும் கேஸ் சிலிண்டரும் எதிர்ப்பக்கமாக அதே விளிம்பில்தான் ஊருக்குள் வருகின்றன.

பொறுக்க முடியாமல் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து, வாடகைக்கு ஜேசிபி எடுத்து மேல்பக்க மண்ணைக் கொஞ்சம் தள்ளலாம் என்று கிளம்பினார்கள். அன்று மாலையே தகவல் வந்தது, அனுமதி இல்லாமல் அங்கே மண்ணில் கை வைக்கக் கூடாது என்று. மலையில் கண்டபடி வெட்டினால் என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும், அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் பாருங்கள், அது யாருடைய சாலை என்று ஒருவருக்கும் தெரியாது. அதை யார் தொடக் கூடாது என்பது மட்டும் ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மலைச் சாலைகளுக்கு ஒரே பதிவேடு வேண்டும், எந்தத் துறையின் சாலையானாலும் அதில் இருக்க வேண்டும், ஊர்க்காரர் கண்ணில் படும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

சமவெளியில் இந்த இடைவெளி அவ்வளவு உறுத்தாது. அங்கே சாலை என்றால் தார் போட்ட பட்டை. பக்கத்து வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகலாம். மலையில் மேல்பக்கக் கால்வாயும் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவரும் சேர்ந்ததுதான் சாலை. பதிவேட்டில் நீளமும் தார் அகலமும் மட்டும் எழுதினால் சுவருக்கும் கால்வாய்க்கும் சொந்தக்காரர் இல்லாமல் போகிறார். வரைபடத்தில் அளந்த நீளமும் நம்பத்தக்கது அல்ல. வளைந்து வளைந்து ஏறும் சாலை, தாளில் சுருங்கிவிடும். இரண்டு துறைகளின் கணக்கு ஒன்றோடொன்று ஒட்டாமல் போக அதுவே போதும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40 என்று சுற்றுலாப் பயணிகள் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய சாலைகளிலிருந்து பிரிந்து போகும் சின்னச் சாலைகளில் எத்தனை பாலம், எத்தனை சுவர் என்று கேட்டால் எங்கே போய்ப் பார்ப்பது?

பதிவேடு என்பது அலமாரிச் சமாச்சாரம், அதற்கா இவ்வளவு கோபம் என்று நினைக்கலாம். மலையில் ஒரு சாலையின் பிறந்த தேதிகூட உயிர்ப் பிரச்சினை. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980 அக்டோபர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. காட்டு நிலத்தில் போகும் ஒரு மண் சாலை அந்தத் தேதிக்கு முன்பே இருந்தது என்று காட்ட முடிந்தால், அதை மேம்படுத்தும் அனுமதிக்கு ஒரு வழி. காட்ட முடியாவிட்டால் வேறு வழி, நீண்ட வழி. காட்டுவது எப்படி? அந்தச் சாலையில் ஜீப்பில் வந்து இறங்கிய கல்யாணப் பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் சொல் ஆதாரம் ஆகாது. காகிதம் வேண்டும். காகிதம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். எஸ்டேட்காரர்கள் போட்டு, பிறகு பொதுச் சாலையாகிப் போனவை மலையில் எத்தனையோ. ஒப்படைத்ததற்கும் பெற்றுக்கொண்டதற்கும் பேச்சைத் தவிர வேறு தடயம் இல்லாத சாலைகள் அவற்றில் உண்டு.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சாலை உட்படப் பதிமூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையோடு காட்டு நிலத்தைக் கேட்கலாம். நாலு மீட்டர் அகலச் சாலை என்றால் இரண்டரை கிலோமீட்டர் வரும். எங்களுக்கு அதில் கால்வாசி போதும். ஆனால் விண்ணப்பத்தின் முதல் கேள்வியே சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான். மறுபடி அதே 3/6 கல்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தபோது, மலை மாநிலங்களுக்குச் சலுகையாக 250 பேர் வாழும் குடியிருப்புக்கே சாலை என்றார்கள். சமவெளியில் அது 500. நல்ல விஷயம். அதே திட்டத்தின் விதிப்படி, சமவெளியில் அரை கிலோமீட்டருக்குள் சாலை இருந்தால் அந்த ஊருக்கு இணைப்பு இருப்பதாக அர்த்தம். மலையிலோ ஒன்றரை கிலோமீட்டர் பாதை வரை 'இணைந்த ஊர்'. செங்குத்தான ஏற்றத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்த்தவர் எழுதிய விதியாகத் தெரியவில்லை. நம் பதிவேடுகளில் 'இணைந்த' என்று டிக் அடித்திருக்கும் ஊர்களில் எத்தனை ஊருக்கு நோயாளியை டோலி கட்டித் தூக்கிப் போகிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, வீட்டு வரி ரசீதில் இருக்கிறது, மின் கட்டணக் கணக்கில் இருக்கிறது. தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரம் தவறாமல் ஊருக்கு வந்து சேர்கிறது. ஊருக்கு வந்த வழி மட்டும்தான் எங்கும் இல்லை.

ஒரு காலத்தில் இந்தப் பதிவேடு ஆட்களின் தலைக்குள் இருந்தது. எந்தப் பாலம் எந்த மழைக்கு அடைக்கும், எந்தச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்று சாலைப் பணியாளர்களுக்குத் தெரியும். மண்வெட்டியும் அரிவாளுமாக மழைக்கு முன்பே நடந்து பார்த்துவிடுவார்கள். 1997இல் மாநிலம் முழுக்க ஏறக்குறைய பத்தாயிரம் பேரை வேலைக்கு எடுத்தார்கள், 2002இல் ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள், 2006இல் திரும்ப அழைத்தார்கள். இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கில் எடுங்கள் என்று அவர்கள் போராடியதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அவர்களில் ஓய்வு பெற்றுப் போகிறவர்களோடு சாலையைப் பற்றிய அறிவும் ஓய்வு பெற்றுவிடுகிறது. போவதற்கு முன் ஒருவரையாவது உட்கார வைத்து, 'இந்தப் பத்து கிலோமீட்டரில் தண்ணீர் எங்கெல்லாம் குறுக்கே வரும், சொல்லுங்கள் அண்ணே' என்று கேட்டு எழுதி வைத்தோமா? சரி, அந்தப் பேச்சை விடுகிறேன். கோரிக்கைக்கு வருகிறேன்.

பதிவேட்டில் என்னென்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரைபடத்தில் மட்டும் இல்லாமல், நேரில் நடந்து அளந்ததாக இருக்க வேண்டும். ஒரு துறையின் சாலை முடியும் இடத்தில் அடுத்த துறையின் சாலை தொடங்க வேண்டும், நடுவே ஒரு அடிகூட விடுபடக் கூடாது. விடுபட்டால் அந்த இடம் யாருடையது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மாவட்ட அளவில் ஒருவருக்கு இருக்க வேண்டும், அவர் பதவியும் அதில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் ஒரு எண். பக்கச் சுவர், கால்வாய், சாலை எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம். ஆதாரம் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் எங்களுக்கு உதவும்.

எழுதியதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, மக்கள் கேட்காமலேயே முடிந்தவரை வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவிலேயே சொல்கிறது. நாங்கள் மனு எழுதி, முப்பது நாள் காத்திருந்து, 'தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று ஒரு வரிப் பதில் வாங்குவது யாருக்கு லாபம்?

புதிதாகக் கூட்டம் எதுவும் போட வேண்டாம். கிராம சபை ஏற்கெனவே இருக்கிறது. அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அன்று ஊர்ச் சாலைப் பதிவேட்டை வாசித்து, எந்தெந்தப் பாலம் தூர் வாரப்பட்டது என்று சொல்லுங்கள். ஜனவரி 26 கூட்டம் மழை முடிந்து வருகிறது. அன்று எது போனது, எது சாய்ந்து நிற்கிறது என்று ஊரே சொல்லும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நடந்து அளக்க ஆள் போதாது என்றால் ஊரில் டேப் பிடிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் வந்தால் பனி விலகியதும் தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடலாம்.

இப்போதைக்குத் தாழ்மையாகக் கேட்பது இவ்வளவுதான். 3/6 கல்லிலிருந்து கோயில் வரையிலான அந்த அறுநூறு மீட்டரை, எந்தத் துறையாக இருந்தாலும் சரி, வரும் மழைக்கு முன்னால் ஒருவர் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சிறுபாலத்துக்கு ஒரு எண் போடுங்கள். என்றைக்கு அளக்க வருகிறீர்கள் என்பதை இரண்டு நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத்தில் சொல்லி அனுப்பினால், கூட வருவதற்கு ஆட்களைச் சேர்த்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
அந்த அறுநூறு மீட்டருக்கு மேலே குடியிருக்கும் ஒருவன்